தோற்க வேண்டிய பில்டு

திரையில் மறுபடியும் பச்சை வந்தது. மூன்று மாதமாக அந்தப் பச்சைக்காகத்தான் காவேரி அங்கே உட்கார்ந்திருந்தாள். இன்று மட்டும் அது வரக் கூடாது. கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு முறை பொத்தானை அழுத்தினாள். திரைக்குள் இருந்த கம்ப்யூட்டர் அணைந்தது. சற்று நேரம் கறுப்பு. பிறகு அது எழுந்து, புரோகிராம் ஓடத் தொடங்கி, விட்ட எண்ணிலிருந்து பிசகாமல் மேலே எண்ணியது. ஓரத்தில் பச்சைக் கட்டம், அதற்குள் பாஸ் என்ற சொல்.

அவள் ஓட்டிக்கொண்டிருந்தது பழைய பில்டு, அதாவது அவர்கள் செய்யும் சாஃப்ட்வேரின் பழைய பதிப்பு. போன வருடம் வெளியே போய், பட்டறைகளில் தகராறு செய்து, திருப்பி வாங்கி மூடி வைத்த பில்டு. கரண்ட் போய் வந்தால் எண்ணிக்கையை விழுங்கிவிடும் என்று ஆபீசில் எல்லோருக்கும் தெரிந்த பில்டு. அது தோற்றே ஆக வேண்டும். காலையிலிருந்து ஒரு முறைகூடத் தோற்கவில்லை.

கம்பெனி, ஓசூர் சிப்காட்டை ஒட்டிய சாலையில், ஒரு பேரிங் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. சிறு பட்டறைகளில் ஓடும் பிரஸ் மெஷின்கள் ஒரு ஷிப்டில் எத்தனை பீஸ் அடித்தன என்று எண்ணிக் காட்டும் சாஃப்ட்வேர் செய்தார்கள். பட்டறைக்காரர்கள் அதற்கென்று புதுக் கம்ப்யூட்டர் வாங்க மாட்டார்கள். எங்காவது கழித்துப் போட்டதைக் கொண்டுவந்து, எண்ணெய்ப் பிசுக்கும் இரும்புத் தூளும் படியும் மூலையில் வைத்து அதில் ஓட்டச் சொல்வார்கள். அதனால் கம்பெனியின் பின்னறையிலும் அதே மாதிரிக் கழிசல்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு விண்டோஸ், ஒவ்வொன்றுக்கும் ஒரு நோய். ஒன்றுக்கு ஃபேன் அலறும். ஒன்றை இரண்டு தட்டுத் தட்டினால்தான் எழும். அந்த அறையில்தான் காவேரியும் பொற்கொடியும் டெஸ்டிங் பார்த்தார்கள். சாயங்காலம் முகம் கழுவினால் தண்ணீர் பழுப்பாகப் போகும்.

சனிக்கிழமை மத்தியானம் அங்கே ஒரு வேலை உண்டு. எல்லா மெஷினிலும் புதிதாக வந்த பில்டை ஓடவிட்டு, எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கும்போதே பொற்கொடி சுவரில் இருக்கும் மெயினை இறக்குவாள். மானேஜர் அறையின் ஏசியும் அதே மெயினில்தான் இருந்தது. வயரிங் செய்தவன் அப்படிச் செய்துவிட்டுப் போயிருந்தான். “சார், சன்னலத் தொறந்து வச்சுக்கோங்க” என்று அவள் இங்கிருந்து குரல் கொடுப்பாள். “எறக்கும்மா, எறக்கு” என்று அந்தப் பக்கமிருந்து மானேஜர் குருமூர்த்தி சொல்வார். அத்தனை ஃபேனும் ஒன்றாக அடங்கும்போது அறையே உட்கார்ந்துவிட்ட மாதிரி இருக்கும். பிறகு மெயினை ஏற்றி, ஒவ்வொரு மெஷினாக, எண்ணிக்கை எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்ப்பார்கள். மற்ற டெஸ்டிங் எல்லாம் எல்லாக் கம்பெனியிலும் செய்வதுதான். இதை மட்டும் இந்த ஆபீசில் அவர்களாகவே உண்டாக்கிக்கொண்டார்கள். பட்டறைகளில் கரண்ட் அப்படித்தான் போகிறது, சொல்லிக்கொள்ளாமல்.

மூன்று மாதத்துக்கு முன் பெங்களூர் தலைமை ஆபீசிலிருந்து, புது விர்ச்சுவலைசேஷன் சாஃப்ட்வேர் ஒன்றை ஓட்டிப் பார்த்துச் சொல்லும்படி வந்தது. சுருக்கமாக விஎம் என்றார்கள். ஒரே பெரிய சர்வர். அதற்குள் எத்தனை கம்ப்யூட்டர் வேண்டுமோ அத்தனையும் இருப்பதாகக் காட்டும். எந்த விண்டோஸ் கேட்டாலும் வரும். கெட்டுப்போனால் ஒரு சொடுக்கில் நேற்று இருந்த நிலைக்குத் திரும்பும். தூசி இல்லை, அலறல் இல்லை, எந்த ஊரில் இருந்துகொண்டும் ஓட்டலாம். காவேரிக்கு முதல் வாரத்திலேயே அது பிடித்துப்போனது. எதை எப்படிச் சோதிப்பது என்று முறை எழுதியது அவள்தான். சனிக்கிழமை மெயினுக்குப் பதிலாகத் திரையில் இருக்கும் பவர் ஆஃப் பொத்தானை வைத்ததும் அவள்தான். வாரத்துக்கு ஒரு முறை நடந்ததை இப்போது டீ குடிக்கும் நேரத்துக்குள் பத்து முறை செய்யலாம். பெங்களூரில் அதைக் காட்டியபோது கை தட்டினார்கள் என்று குருமூர்த்தி வந்து சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அன்று தான் தங்கியிருந்த மத்திகிரி வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

விஎம் தேறிவிட்டால் பின்னறை காலியாகும். டெஸ்டிங் பெங்களூருக்குப் போகும். காவேரியை நிரந்தரமாக்கி அங்கே எடுத்துக்கொள்வார்கள். பொற்கொடியின் காண்ட்ராக்ட் இந்த மாதத்தோடு முடிகிறது. அதைப் புதுப்பிக்க மாட்டார்கள். இதை யாரும் அவளிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் மூன்று மாதமாக அவளும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தாள். தேறாவிட்டால் ஒன்றும் மாறாது. காவேரியும் ஏஜென்சி ஆளாகவே இருப்பாள். வருடம் முடிவதற்குள் ஒரு முறை நிறுத்தி, மறுவாரம் புதிதாகச் சேர்ப்பதுபோலச் சேர்ப்பார்கள். நாட்றாம்பாளையத்திலிருந்து அம்மா போன் செய்யும்போதெல்லாம் ராகிக் காட்டில் இறங்கிய யானையைப் பற்றிச் சொல்லிவிட்டு, கடைசியில், “பர்மனன்ட் பண்ணிட்டாங்களா?” என்று கேட்பாள். “பண்ணுவாங்கம்மா” என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டது.

பழைய பில்டை ஓட்டிப் பார்க்கும்படி யாரும் கேட்கவில்லை. வேலை முடிந்திருந்தது. நாலு மணிக்குப் பெங்களூரோடு கான்ஃபரன்ஸ் கால். அதில் குருமூர்த்தி தேறிவிட்டது என்று சொல்வார், அவ்வளவுதான். நேற்று இரவு பல் தேய்க்கும்போது காவேரிக்குக் காலேஜ் பிராக்டிகல் ஞாபகம் வந்தது. எதையும் நிறுப்பதற்கு முன், எடை தெரிந்த ஒன்றைத் தட்டில் வைத்துத் தராசு சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பார்கள். மூன்று மாதமாக நல்ல பில்டுகளை மட்டுமே இந்தத் தராசில் வைத்திருந்தோம் என்று தோன்றியது. தோன்றாமலே இருந்திருக்கலாம். ஒரு முறை ஓட்டி, சிவப்பு வருவதைப் பார்த்துவிட்டு, நிம்மதியாக டீக்குப் போகலாம் என்றுதான் காலையில் அதை ஏற்றினாள்.

காரணம் மெல்லத்தான் பிடிபட்டது. பழைய ஹார்ட் டிஸ்க்குகளுக்கு ஒரு குணம் உண்டு. எழுதச் சொன்னால், எழுதிவிட்டேன் என்று உடனே சொல்லிவிடும். உண்மையில் அப்போதும் எழுதிக்கொண்டுதான் இருக்கும். அந்த இடைவெளியில் கரண்ட் போனால் எழுதாதது எழுதாததுதான். விஎம்மில் பொத்தானை அழுத்தினால் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் மட்டும்தான் சாகிறது. அதைச் சுமக்கும் சர்வர் அசையாமல் நின்றுகொண்டு, அது விட்டுப்போன எழுத்தை நிதானமாக எழுதி முடிக்கிறது. அவள் இத்தனை நாளாக இறக்கியது கரண்ட்டே இல்லை.

அவள் விஎம்முக்கென்று முன்னறையில் போட்டிருந்த மேஜையை விட்டு எழுந்து பின்னறைக்குப் போனாள். பொற்கொடி, மானிட்டர்களின் வயர்களைக் கழற்றிச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தாள். அறையை ஒழிக்கச் சொல்லியிருந்தார்கள். கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. புருஷன் சுடலைமுத்து ஒரு காஸ்டிங் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தான். காவேரியைவிட ஆறேழு வயது மூத்தவள்.

“அக்கா, ஒரு தடவ மெயின் எறக்கணும்க்கா.”

“இன்னைக்கு வெள்ளிக்கெழமல்லா.” பொற்கொடி நிமிரவில்லை. “அதுக்கெல்லாம்தான் பொத்தான் வந்துட்டேட்டி. நீதான கொண்டாந்த.”

“பழைய பில்டு அதுல பாஸ் ஆவுதுக்கா.”

பொற்கொடியின் கை நின்றது. “எது, அந்தக் குருபரப்பள்ளி பில்டா?”

காவேரி தலையாட்டினாள். குருபரப்பள்ளிப் பட்டறைக்குப் போன வருடம் இருவரும்தான் போனார்கள். கரண்ட் போய் வந்ததில், ஒருவன் காலையிலிருந்து அடித்த பீஸ் எல்லாம் திரையிலிருந்து காணாமல் போயிருந்தது. அவன் பக்கத்தில் பீஸ் டிரேக்கள் இடுப்பளவு அடுக்கியிருந்தன. சூப்பர்வைசர் டிரேயைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே அவனைத் திட்டிக்கொண்டிருந்தார். அவன் இந்தப் பெண்கள் இருவரையும் பார்த்தான், ஏதாவது சொல்வார்கள் என்று. காவேரி அன்று ஒன்றும் சொல்லவில்லை. பொற்கொடிதான் சூப்பர்வைசரிடம் சண்டைக்குப் போனாள்.

இருவரும் சுருட்டிய வயர்களை மறுபடி பிரித்து மாட்டினார்கள். எல்லாவற்றிலும் பழைய பில்டை ஏற்றுவதற்குள் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. குருமூர்த்தி வெளியே போயிருந்ததால் குரல் கொடுக்க ஆள் இல்லை. பொற்கொடி பேசாமல் மெயினை இறக்கி, மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்று, ஏற்றினாள். கம்ப்யூட்டர்கள் முனகிக்கொண்டு எழுந்தன. முதலாவது சரியாக எண்ணியது. இரண்டாவதும். மூன்றாவது பூஜ்யத்தில் நின்றது. தள்ளி இருந்த இரண்டு, மெயினை இறக்குவதற்கு வெகு முன்னால் இருந்த எண்ணுக்குப் போயிருந்தன. தட்டினால் எழும் மெஷின் தட்டியும் எழவில்லை.

பொற்கொடி மேஜை விளிம்பில் சாய்ந்துகொண்டாள். முகத்தில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. புழுக்கத்தில் வேர்த்திருந்தது.

“இப்ப என்ன செய்யப் போற?”

“சொல்லணும்க்கா.”

“சொன்னா உன் பெங்களூரு?”

காவேரி பூஜ்யத்தில் நின்ற மெஷினின் எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டாள்.

“இந்தா பாரு. எனக்காவ நீ சொல்லுதன்னு எவனும் நெனச்சிரக் கூடாது. நானும் நெனச்சிரக் கூடாது. இந்த ரூமுல உக்காந்து உக்காந்து எனக்கு மூச்சு எளைப்பு வந்ததுதான் மிச்சம். போகச் சொன்னா போயிருவேன். வீட்டுல அவ்வோகிட்டயும் சொல்லிட்டேன்.” ஒரு மானிட்டரின் முதுகைத் துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். “புள்ளைக்குப் பள்ளிக்கூடந்தான் மாத்தணும்.”

குருமூர்த்தி திரும்பி வந்ததும் காவேரி அவர் அறைக்குப் போனாள். அவர் போனில் மனைவியிடம் தெலுங்கில் ஏதோ சமாதானம் பேசிக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு வயிற்றெரிச்சலுக்கான மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, “சொல்லும்மா” என்றார். அவள் சொன்னாள். நின்று நின்று சொன்னாள். அவர் கடைசிவரை கேட்டார்.

“அந்த சர்வரையே ஒருவாட்டி ஆஃப் பண்ணிப் பாத்தா?”

“அதுல பேட்டரி இருக்குதுங்க சார். டிஸ்க்கும் வேற மாதிரி. பட்டறையில இருக்கறது அந்த டிஸ்க் இல்லீங்க.”

“கடைசி நாள்ல வந்து சொல்றயேம்மா.” கோபமாகச் சொல்லவில்லை. “அங்க வாங்கறதா முடிவே பண்ணிட்டாங்க. நம்மள கேக்கறதே ஒரு பேச்சுக்குத்தான். கடைசிப் பக்கத்துல ஒரு லைன் போட்டுடு. பவர் கட் டெஸ்டுக்கு இன்னும் பாக்கணும்னு. யாரும் படிக்க மாட்டாங்க, நீயும் எழுதிட்டன்னு இருக்கும்.”

அவள் போகாமல் நின்றாள். மேஜைக்கு அந்தப் பக்கம் அவர் மாத்திரையை மென்றுகொண்டு சன்னலைப் பார்த்தார். கீழே லாரி ஒன்று பின்னால் வர, யாரோ கன்னடத்தில் இன்னும் வா, இன்னும் வா என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“மொறை எழுதனது நானுங்க சார். தப்பு என்னுதுதான்.”

“அது யாருதோ. நான் சொன்னா மூணு மாசமா என்ன பண்ணிட்டு இருந்தன்னு கேப்பாங்க. நீ சின்னப் பொண்ணு, உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.” அவர் அவளைப் பார்த்தார். “கால்ல நீயே சொல்லிடு. தைரியம் இருந்தா.”

தைரியம் அவளுக்கு எப்போதும் இருந்ததில்லை. இரண்டு வருடத்தில் எத்தனையோ கான்ஃபரன்ஸ் காலில் உட்கார்ந்திருக்கிறாள். எஸ் சார் என்பதைத் தவிர ஒன்றும் பேசியதில்லை. கடைக்காரர் சில்லறை குறைத்துக் கொடுத்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுகிறவள். நாலு மணிக்கு மூவரும் மானேஜர் அறையில் லேப்டாப்பின் முன் உட்கார்ந்தார்கள். பெங்களூரிலிருந்து ஹரீஷ்குமார் பேசினார். டெஸ்டிங் எல்லாம் அவர் பொறுப்பு. முகத்தைக் காட்டவில்லை, பெயர் மட்டும் திரையில் இருந்தது. அங்கே இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள்.

“ஓசூர் சைடு எல்லாம் ஓகேதானே குரு? இன்னைக்கு முடிச்சிடலாமா?”

குருமூர்த்தி தொண்டையைச் செருமினார். “காவேரி ஒண்ணு சொல்லணும்ங்கறாங்க.”

மேஜைக்கு அடியில் பொற்கொடியின் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. காவேரி பேசினாள். எங்கே தொடங்கினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. நடுவில் தொடங்கி, பின்னால் போய், மறுபடி முன்னால் வந்தாள். விஎம் நல்லதுதான் என்றாள். மற்ற எல்லா டெஸ்டுக்கும் அதுவே போதும் என்றாள். இந்த ஒன்றில் மட்டும், தோற்க வேண்டியது தோற்கவில்லை, அதனால் இதுவரை ஜெயித்தது எதையும் நம்ப முடியாது என்றாள். சொல்லி முடித்த பிறகும் மைக் அணையாமல் இருந்ததால் அவளுடைய மூச்சு அங்கே கேட்டிருக்கும்.

“ஒரு டெஸ்டுதானே காவேரி?” என்றார் ஹரீஷ்குமார்.

“ஆமாங்க சார். நம்ம கஸ்டமருங்களுக்குத் தெனம் நடக்கறது அது ஒண்ணுதாங்க சார்.”

அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். நல்ல சிரிப்பா, கேலியா, தெரியவில்லை. சற்று நேரம் அவர்களுக்குள் கன்னடத்தில் பேசிக்கொண்டார்கள். ஓசூர்க்காரரான குருமூர்த்திக்கு அது முழுவதும் புரிந்திருக்கும். அவர் முகத்தை எப்போதும்போல வைத்துக்கொண்டிருந்தார்.

“சரி” என்றார் ஹரீஷ்குமார். “வேலிட் பாயின்ட். இப்படிச் செய்வோம். விஎம் வாங்கறோம், அதுல மாத்தம் இல்ல. பழைய மெஷின்ல நாலஞ்ச மட்டும் அங்கயே வெச்சுக்கோங்க. பவர் கட் டெஸ்ட் அதுல ஓட்டுங்க. அதப் பாத்துக்க ஒரு ஆள் போதும்ல?”

“போதும் சார்” என்றார் குருமூர்த்தி.

“யாரு?”

குருமூர்த்தி மாத்திரை அட்டையைத் திருப்பிக்கொண்டிருக்க, ஹரீஷ்குமாரே தொடர்ந்தார்.

“காவேரிதானே கண்டுபிடிச்சது? அவங்களுக்குத்தானே நல்லாத் தெரியும். இங்க வர்ற போஸ்ட்ட அப்புறம் பாத்துக்கலாம். இல்ல, வேற யாராவது இருந்தா அவங்க. நீங்களே பேசி ஒரு பேர் அனுப்புங்க குரு. திங்கக்கெழம வரைக்கும் டைம்.” இணைப்பு போய்விட்டது.

குருமூர்த்தி லேப்டாப்பை மூடினார். ஏதோ சொல்ல வாயெடுத்து, போன் அடித்ததும் எடுத்துக்கொண்டு வெளியே போனார். தேறினால் ஒருத்திக்கு வேலை, தேறாவிட்டால் இரண்டு பேருக்கும் வேலை என்றுதான் காவேரி மூன்று மாதமாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். தேறியும் தேறாமலும் ஒன்று வரும் என்று நினைக்கவே இல்லை. இப்போது ஓசூரில் ஓர் ஆள். அது அவளாக இருந்தால் பொற்கொடி வீட்டுக்குப் போவாள். பொற்கொடியாக இருந்தால், பெங்களூரில் காவேரிக்கு இடம் இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

பொற்கொடி பின்னறைக்கு நடந்தாள். காவேரி பின்னாலேயே போனாள்.

“நல்லாத்தான் பேசுன” என்றாள் பொற்கொடி. “நடுவுல ஒரு எடத்துல எனக்கே ஒண்ணும் புரியல. அவனுக்கு எப்படிப் புரிஞ்சுதோ.”

“நீங்க இருங்கக்கா. சார்கிட்ட நான் சொல்லிடறன்.”

“நீ எங்க போவ?”

“எங்கயாச்சும் பாத்துக்கறன்.”

“ஆமா, வரிசையில நின்னு கூப்பிடுதான் ஒன்னய.” பொற்கொடி சட்டென்று திரும்பினாள். “எனக்குத் தானம் பண்ணாதட்டி. வேணும்னா எனக்கு வேணும்னு நானே கேப்பேன்.”

“அப்பக் கேளுங்க.”

பொற்கொடி கேட்கவில்லை. காவேரியும் எனக்கு வேண்டாம் என்று இன்னொரு முறை சொல்லவில்லை. முதல் முறை சொன்னபோதே குரல் உள்ளே போய்விட்டதை இருவருமே கேட்டிருந்தார்கள்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. பழைய சாமான் எடுக்கும் ஆள் கயிற்றோடு மேலே வந்து நின்றார். முடிவு வரும் முன்பே ஆபீசில் யாரோ அவருக்குப் போன் செய்திருந்தார்கள் போலிருக்கிறது. நரைத்த மீசை, முழங்கைவரை மடித்த காக்கிச் சட்டை. கம்ப்யூட்டர்களை ஒரு பார்வையில் நிறுத்துப் பார்த்துவிட்டு, “தீஸ்கபோவச்சாம்மா?” என்று, எடுத்துப்போகலாமா என்பதைத் தெலுங்கில் கேட்டார்.

“நாலஞ்சு இருக்கட்டும்ங்க. மத்தத எடுத்துக்கோங்க” என்றாள் காவேரி.

எந்த நாலைந்து என்று அவர் கேட்டார். பொற்கொடி ஒரு சாக்குக்கட்டியை எடுத்துவந்து, மத்தியானம் தோற்ற மெஷின்களாகப் பார்த்து ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கோடு போட்டாள். தட்டியும் எழாத மெஷினிடம் வந்தபோது யோசித்து, அதற்கும் போட்டாள். அவர் மற்றவற்றை இரண்டிரண்டாகக் கட்டிக் கீழே கொண்டுபோனார். ஒவ்வொன்று போனபோதும் மேஜையில் அதன் அளவுக்கு ஒரு வெள்ளைச் சதுரம் தெரிந்தது. சுற்றிலும் தூசி.

எல்லாம் போன பிறகு அவர் மேலே வந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் சக்கரம் வைத்த இரண்டு நாற்காலிகள் இருந்தன. இரண்டும் ஒரே நிறம், இரண்டிலும் ரெக்சின் கிழிந்து பஞ்சு வெளியே வந்திருந்தது.

“குர்ச்சி? ரெண்டுமா, ஒண்ணா?” என்று நாற்காலிகளைக் காட்டித் தெலுங்கும் தமிழுமாகக் கேட்டார்.

காவேரி பொற்கொடியைப் பார்த்தாள். பொற்கொடி விரலில் ஒட்டியிருந்த சாக்குக்கட்டித் தூளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அவசரம் ஒன்றும் இல்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்து, கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு, காலை நீட்டினார். கிரீச்சென்று லேசாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியபடி காத்திருந்தார். இன்னொரு நாற்காலி காலியாகக் கிடந்தது. இரண்டு பெண்களும் நின்றுகொண்டிருந்தார்கள்.